தோல்விக்கும் துணை நிற்போம்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பலமனேரில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் வெள்ளுடை பூண்டு கராத்தே பயிலச் செல்லும் காட்சி நமக்குப் புதிதன்று. பயிலத் தொடங்குவோர் பலர். சில ஆண்டுகள் கடந்தும் நிலைத்து நிற்போர் சிலர். அச்சிலருள்ளும் பெண்பிள்ளைகள் மிகச் சிலர். இஃது ஏன் என்று எண்ணிப் பார்த்தல் நம் கடமையாகும். அதற்குத் துணையாக, கராத்தேயைப் போலவே இருவர் எதிர்நின்று புள்ளி பெறும் வாள்வீச்சுக் கலையில் உலகறியப் பெயர் பெற்ற ஒரு நங்கையின் வரலாற்றைத் தங்கள் முன் வைக்க விழைகின்றோம். அவர் சென்னை வண்ணாரப்பேட்டையில் வளர்ந்த பவானி தேவி.

அவருடைய தந்தையார் கோதாவரிப் பகுதியிலுள்ள சாமர்லகோட்டாவிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தவர். கோயிற் பணி புரிந்தவர். நாம் அங்கிருந்து இங்கு வந்தோம். அவர் இங்கிருந்து அங்குச் சென்றார். பிறந்த மண்ணை விட்டு வேறிடத்தில் பிள்ளைகளை வளர்க்கும் அருமை அவ்வீட்டாரும் அறிந்ததே.

1993ஆம் ஆண்டு பிறந்த பவானி தேவி, 2004ஆம் ஆண்டில் பள்ளியில் விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கச் சென்றார். மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டது. எஞ்சி நின்றது வாள்வீச்சு ஒன்றே. அதனை ஏற்றார். வாளின் விலை அதிகம்; ஒடிந்தால் வேறு வாங்குதல் எளிதன்று. ஆகவே பயிற்சிக்கு மூங்கிற் கழி, போட்டிக்கு மட்டும் வாள் என்று அவர்கள் பழகினர். பத்தாம் வகுப்புக்குப் பின் கேரளத்துத் தலச்சேரியிலுள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்திற் சேர்ந்தார். நடுத்தரக் குடும்பத்தினர் கடன் பட்டும் நகையை அடகு வைத்தும் அவரைப் போட்டிகளுக்கு அனுப்பினர்.

பதினான்காம் வயதில் முதன்முதலாக அயல்நாட்டுப் போட்டிக்குத் துருக்கி சென்றார். குறித்த நேரத்திற்கு மூன்று நிமிடம் தாமதமாக வந்தார் என்று கறுப்பு அட்டை காட்டி அவரை விலக்கிவிட்டனர். ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு மூன்று நிமிடத்தின் விலை நன்கு தெரியும். மூன்று நிமிடத்தில் வண்டி நிலையத்தைக் கடந்துவிடும். ஆயினும், வண்டியைத் தவறவிட்டவர் பயணத்தையே கைவிடுவதில்லை. அடுத்த வண்டிக்குக் காத்திருக்கின்றார். அச்சிறுமியும் அவ்வாறே செய்தார். 2009இல் மலேசியாவில் நடந்த காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் பெற்றார்.

2016இல் ரியோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற இயலவில்லை. அத்துடன் நிற்காமல் இத்தாலி நாட்டு லிவோர்னோ நகரிற் பயின்றார். 2017இல் ஐஸ்லாந்தில் நடந்த பன்னாட்டுப் போட்டியிலும், 2018இல் கான்பெராவில் நடந்த காமன்வெல்த் போட்டியிலும் தங்கம் வென்றார். 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்று, அவ்விழாவில் வாளேந்திய முதல் இந்தியர் என்னும் பெருமை எய்தினார்.

அவர் கையாள்வது சேபர் என்னும் வாள். இடுப்புக்கு மேலே படும் தொடுகைக்கே புள்ளி. முதலிற் பதினைந்து புள்ளி எடுப்பவர் வென்றவர். 2021 ஜூலை 26ஆம் நாள் முதற் சுற்றில் துனீசிய வீராங்கனையை 15-3 என வென்றார். அடுத்த சுற்றில், பின்னர் அவ்வொலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற பிரெஞ்சு வீராங்கனை மனோன் புருனேயிடம் 7-15 எனத் தோற்றார். அன்று அவர், தம்மால் இயன்றதைச் செய்ததாகவும், வெல்ல இயலாமைக்கு வருந்துவதாகவும் நாட்டு மக்களுக்கு எழுதினார்.

அன்பர்களே! பதினேழு ஆண்டுகள் உழைத்த ஒரு பெண் நம்மிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? தோற்றுவந்த பிள்ளையை நாம் எப்படிப் பார்க்கின்றோம் என்பதை அச்சொற்கள் காட்டுகின்றன. ஈராண்டு கழித்து, 2023இல் சீனத்து வூசி நகரில் நடந்த ஆசியப் போட்டியில், உலக வாகை சூடியிருந்த ஜப்பானின் மிசாகி எமுராவை அவர் 15-10 என வென்றார். அரையிறுதியில் ஒரே புள்ளியிற் தோற்றாலும், ஆசிய வாள்வீச்சுப் போட்டியில் இந்தியாவிற்கு முதற் பதக்கமாக வெண்கலம் கொணர்ந்தார். டோக்கியோவின் தோல்வியோடு அவரை நிறுத்தியிருந்தால் இப்பதக்கம் ஏது?

கராத்தேக்கு வாள் வேண்டுவதில்லை. அச்சொல்லுக்கே வெறுங்கை என்பது பொருள். ஆனால் வெறுங்கையோடு பிள்ளையைப் போட்டிக்கு அனுப்ப இயலாது. இவ்வூரில் ரயில் நிலையம் இல்லை. மொகிலிக் கணவாய் இறங்கிச் சித்தூர் சென்று வண்டி ஏற வேண்டும். விசாகப்பட்டினத்திற் போட்டியென்றால் ஓர் இரவு முழுவதும் பயணம். உடன் செல்லப் பெரியவர் ஒருவர் வேண்டும், கட்டணம் வேண்டும், இருவர்க்கும் உணவு வேண்டும். முதற் போட்டியிலேயே தோற்றுத் திரும்பினால், "இத்தனை செலவும் வீண்" என்னும் பேச்சு எழுகின்றது. பெண்பிள்ளையாயின், "எட்டாம் வகுப்பு ஆயிற்று, இனிப் போதும்" என்பதும் சேர்கின்றது. திறமை அங்கேயே முடிந்துவிடுகின்றது.

கராத்தே 1994 முதல் ஆசிய விளையாட்டு விழாவில் இடம் பெற்றுள்ளது. ஒலிம்பிக்கில் டோக்கியோவில் சேர்க்கப்பட்டது. 2024 பாரிஸில் இடம் பெறவில்லை. ஆகவே பதக்கத்தை மட்டும் எண்ணிப் பயிற்சிக்கு அனுப்புவது அறிவுடைமையன்று. அஞ்சாமையும், காலந்தவறாமையும், தோற்றபின் எதிரிக்குத் தலைவணங்கும் பண்பும் எவ்விழா இல்லாவிடினும் பிள்ளையிடம் நிலைக்கும்.

எனவே நம் சங்கத்தாரிடம் இரண்டு வேண்டுகோள். பிள்ளைகளின் போட்டிப் பயணத்திற்கென வீட்டுக்கு வீடு சிறுதொகை திரட்டி வைப்போம். வென்றவர்க்குப் பரிசாக அன்று, செல்பவர்க்கு வழிச்செலவாக. பெண்பிள்ளைகளுடன் செல்லத் தாய்மார்கள் முறைவைத்துக் கொள்ளட்டும். போட்டியிலிருந்து திரும்பும் பிள்ளையிடம் "என்ன பரிசு?" என்று கேட்பதை விடுத்து, "நாளைப் பயிற்சி எத்தனை மணிக்கு?" என்று கேட்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!