அட்டையில் மன்னர், நெஞ்சில் சுபத்திரை



நாம் வந்து குடியேறிய இத்திருவனந்தபுரத்தில் பிறந்தவர் சி. வி. இராமன் பிள்ளை. அவர் 1891-இல் சென்னை அடிசன் அச்சகத்தில் அச்சிடுவித்துத் தாமே வெளியிட்ட நூல் 'மார்த்தாண்டவர்மா'. மலையாளத்தின் முதல் வரலாற்றுப் புதினம்.

பதிப்பாளரின் துணையின்றி வரும் நூலுக்கு அதன் பெயரே விளம்பரம். புதினம் என்னும் வடிவம் அன்று மக்களுக்குப் புதிது. ஆனால், 1729 முதல் 1758 வரை ஆண்ட அம்மன்னரின் பெயரோ திருவிதாங்கூர் முழுவதும் அறிந்தது. அறிந்த பெயரைக் காட்டி அறியாத வடிவத்துக்குள் வாசகரை அழைத்தார் ஆசிரியர் என்றே நாம் கருதுகின்றோம்.

உள்ளே புகுந்தவர் கண்டது யாது? முடி சூடுமுன் பகைவர் கண்ணில் படாது மறைந்து திரியும் இளவரசர். அவரைக் காக்க முனைந்து தன் உயிரையே ஈந்த சுபத்திரை. நூலை மூடிய பின்னும் நெஞ்சில் நிற்பவள் அவளே. அட்டையிலோ அவள் பெயர் இல்லை.

கதையில் வரும் பத்மநாபபுரம் 1956 முதல் தமிழகத்தின் பகுதி. ஆகவே இது நமக்கு அயலார் கதையன்று.

அன்பர்களே! நம் சங்கத்தின் வரலாற்றையும் ஒருநாள் எழுதுவோம். அதன் அட்டையில் தலைவர்கள் பெயர் பொலியட்டும், தவறில்லை. ஆனால், அயல்மொழி சூழ்ந்த இம்மண்ணில், அடுப்படியில் அமர்ந்து மக்களுக்கு 'அ'னா 'ஆ'வன்னா கற்பித்த தாய்மாரின் பெயர்கள் உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் இருத்தல் வேண்டும். அப்பெயர்களை இன்றே கேட்டு எழுதி வைப்போமாக!

வாழ்க தமிழ்!