மின்னிலக்கக் காலத்தில் கல்வி நூலகமும் நம் தமிழ் ஏடுகளும்



1679-ஆம் ஆண்டில், இன்றைய கேரளத்தைச் சேர்ந்த அம்பலக்காட்டில் தமிழ் – போர்த்துகீசிய அகராதி ஒன்று அச்சாயிற்று. அதனைத் தொகுத்தவர் அந்தாம் தெ புரோயென்சா என்னும் இயேசு சபைத் துறவி. அதன் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. தமிழறிஞர் ஒருவர் அதனைக் காண விரும்பினால் உரோமைக்குத்தான் செல்லவேண்டும். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்றிருந்த தனிநாயகம் அடிகளார் அந்நிலையை மாற்றினார். அவர் முயற்சியால் அவ்வகராதி 1966-இல் கோலாலம்பூரிலேயே மறுபடியும் வெளிவந்தது. முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்ததும் அவ்வாண்டே. தமிழாய்வுக்குத் துணைசெய்யும் நூல்கள் எவை என்று தொகுத்துக் காட்டும் வழிகாட்டி நூலொன்றையும் அடிகளார் அதே ஆண்டில் வெளியிட்டார்.

இவ்விரு பணிகளையும் நாம் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஓரிடத்தில் கிடந்த நூலைப் பலர் கைக்கும் எட்டச் செய்தது ஒன்று. எந்நூல் எங்குண்டு என்று பட்டியலிட்டது மற்றொன்று. நூலகம் என்னும் நிறுவனத்தின் இரு கண்கள் இவை. மின்னிலக்கத் தொழில்நுட்பம் முதற்பணியை நாம் கனவிலும் எண்ணாத அளவுக்கு எளிதாக்கிவிட்டது. இரண்டாவது பணியோ இன்றும் மனிதர் செய்யவேண்டியதாகவே இருக்கிறது. அதிலும் மலேசியத் தமிழரின் ஏடுகளைப் பொறுத்தவரை அப்பணி நம்முடையதே என்பதே இவ்வுரையின் கருத்து.

இந்த எளிமை எப்படி வந்தது என்று முதலில் காண்போம். முன்னாளில் ஜொகூரைச் சேர்ந்த மாணவர் ஒருவர் ஆய்வேடு எழுதவேண்டுமானால், பேருந்தேறிக் கோலாலம்பூர் சென்று, பல்கலைக்கழக நூலகத்தில் அமர்ந்து, கையால் குறிப்பெடுத்துத் திரும்பவேண்டும். இன்று சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் சங்க நூல்கள் முதல் அண்மைக்கால இலக்கியம் வரை தட்டச்சு செய்து இலவசமாக வழங்குகிறது. ஈழத்து நூல்களை 2005 முதல் நூலகம் நிறுவனம் திரட்டிவருகிறது. சென்னையில் 1994-இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்த அரிய தொகுப்பை அடித்தளமாகக் கொண்டது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் நம் திறன்பேசிக்குள் வந்துவிட்டது. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், 2015-ஆம் ஆண்டுப் பொன்விழாவை ஒட்டி, அந்நாட்டுத் தமிழ் இலக்கிய நூல்கள் ஏறத்தாழ 350 மின்வடிவம் பெற்றன. சமூகத்தினர் திரட்ட, தேசிய நூலக வாரியம் அவற்றைக் காக்கிறது.

செல்வம் பெருகியதால் தேடுதல் எளிதாகிவிட்டதா? இல்லை. தேடுவதற்கும் ஒரு கல்வி வேண்டும். மாணவர்கள் மூன்று செய்திகளை நினைவிற் கொள்க.

முதலாவது, பக்கத்தின் படம் வேறு. பக்கத்தின் எழுத்து வேறு. வருடி எடுத்த பக்கம் கணினிக்கு வெறும் படமே. எழுத்துணரி அதனைப் படித்து எழுத்தாக மாற்றிய பின்னரே சொல்லைத் தேட இயலும். தமிழ்நாட்டரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை ஆகியன பழைய வடிவில் இருக்கும். புதிய வடிவங்களை மட்டும் கற்ற எழுத்துணரி அங்கே தடுமாறும். ஆதலால், தேடியும் கிடைக்காத சொல் நூலிலேயே இல்லை என்று முடிவுகட்டுதல் பிழை.

இரண்டாவது, நம் மொழி விகுதியும் வேற்றுமையும் ஏற்று உருமாறும் மொழி. 'தோட்டம்' என்று தேடினால் 'தோட்டத்தில்' அகப்படாது போகலாம். 'தோட்ட' என்னும் பகுதியைக் கொடுத்துத் தேடினால் இரண்டும் வரும். இலக்கண வகுப்பில் கற்றது இங்கே கைகொடுக்கிறது.

மூன்றாவது, பல்கலைக்கழக நூலகங்கள் பலவும் தமிழ் நூல்களின் பெயர்களை உரோமன் எழுத்திற் பதிந்துள்ளன. அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் முறை பலவிடங்களிற் பின்பற்றப்படுகிறது. அம்முறையில் ககரம் எங்கு வரினும் 'கே' எழுத்தாலேயே குறிக்கப்படும். அடிகளாரோ தம் பெயரை 'ஜி' எழுத்திட்டு எழுதினார். ஒரு வடிவத்தை மட்டும் தேடுபவர் அவருடைய நூல்கள் சிலவற்றைக் காணாமலே போவர். இத்தகைய நுட்பங்களை அறிந்தவர் நூலகரே. இணையம் வந்தபின் நூலகர் எதற்கு என்று கேட்போருக்கு இதுவே நம் மறுமொழி.

இனி, காப்பு என்னும் பொருளுக்கு வருவோம். 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. மறுபடி இல்லாத ஏடு அழிந்தால் அழிந்ததே என்று தமிழுலகம் அன்று உணர்ந்தது. ஆனால், மின்வடிவம் ஆக்கிவிட்டால் அச்சம் தீர்ந்தது என்பதும் மயக்கமே. ஜியோசிட்டீஸ் என்னும் இலவச இணையத்தளச் சேவை 2009-இல் மூடப்பட்டபோது, அதில் இருந்த தமிழ்ப் பக்கங்களும் அதனோடு போயின. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு மென்பொருள் வழியாகத் தமிழைக் கணினிக்குக் கொணர்ந்த போதிலும், யூனிகோடு பரவும் வரை ஊருக்கொரு குறியாக்கம் வழங்கிற்று. அன்று தட்டெழுதிய கோப்புகள் பல இன்று உரிய எழுத்துரு இன்றிப் புரியாக் குறிகளாய்க் கிடக்கின்றன. தாள் நூறாண்டு தாங்கினும் தாங்கும். கவனிப்பாரற்ற கோப்பு பத்தாண்டில் ஊமையாகிவிடும். பல படிகள், பல இடங்கள், பொதுக் குறியாக்கம், பொறுப்பேற்கும் ஒரு நிறுவனம் என்னும் நான்கும் வேண்டும்.

அன்பர்களே, இப்போது நம் வீட்டுக்குள் திரும்பிப் பார்ப்போம். ஈழத்து இதழொன்றை ஜொகூர் பாருவில் இருந்தபடியே படிக்கிறோம். ஆனால், குளுவாங்கிலோ சிகாமட்டிலோ மூடப்பட்ட தோட்டப் பள்ளியொன்றின் ஆண்டு மலரை எங்கே படிப்பது? கோயில் குடமுழுக்கு மலர், இளைஞர் மணிமன்ற இதழ், தொழிற்சங்கத் துண்டறிக்கை, ஆசிரியர் தம் செலவில் அச்சிட்ட சிறுகதைத் தொகுப்பு ஆகியவற்றில்தான் நம் வாழ்வு பதிவாகியுள்ளது. அவற்றுட் பெரும்பாலானவை எந்த மின்னூலகத்திலும் இல்லை. இருப்பன பெட்டிகளிலும் பரண்களிலும் கறையானுக்குக் காத்திருக்கின்றன. 1924-இல் தோன்றிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோன செய்தி நாம் அறிந்ததே. நாளேடே நிற்குமாயின் மலர்களின் நிலை என்னாகும்?

இதன் விளைவு ஆய்விலும் தெரியும். மாணவர் எளிதில் கிடைப்பதையே மேற்கோள் காட்டுவர். மேற்கோள் காட்டப்பட்டதே மேலும் ஆராயப்படும். தேடலில் வாராத எழுத்து, எழுதப்படாத எழுத்தாகவே கருதப்படும். பிற நாட்டுத் தமிழர் வரலாறு ஒளிபெற, நம் வரலாறு நம் பிள்ளைகளுக்கே தெரியாமற் போகும். எவர் தீங்கும் இன்றி, நம் சோர்வினாலேயே நேரும் இழப்பு இது.

செய்யத்தக்கன உள்ளன. நூலகப் பொருள் ஒப்படைப்புக்கான 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மலேசியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் ஐந்து படிகளையும் தேசிய நூலகத்திற்கு அளித்தல் வெளியிடுவோரின் கடமை. இச்சிற்றேட்டுக்கும் அது பொருந்தும். நம் சங்கங்களும் ஆலயங்களும் இதனை வழக்கமாக்கிக் கொள்ளவேண்டும். அடுத்து, நம் நாட்டில் பதிப்புரிமை எழுத்தாளர் மறைந்தபின் 50 ஆண்டுகள் நீடிக்கும். ஆதலால் பல நூல்களை மின்வடிவாக்கக் குடும்பத்தாரின் எழுத்து வழி இசைவு தேவை. அக்குடும்பத்தார் இன்று நம்மிடையே, நாம் கேட்டறியும் தொலைவில் இருக்கின்றனர். இன்னும் ஒரு தலைமுறை கழிந்தால் யாரைக் கேட்பது?

எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செய்யவேண்டியது பட்டியல். வருடியும் வழங்கியும் வாங்கப் பொருள் வேண்டும். பட்டியலுக்கு ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப்பொழுதும் போதும். ஒவ்வொரு தமிழ்ப் பள்ளியிலும் ஆசிரியர் ஒருவரும் மாணவர் சிலரும் சேர்ந்து, தம் வட்டாரத்தில் யார் வீட்டில் என்ன ஏடு உண்டு என்று எழுதட்டும். நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு, அச்சகம், இருக்குமிடம் என்னும் ஐந்தே குறிப்புகள். பெயரைத் தமிழிலும் உரோமன் எழுத்திலும் எழுதுக. உரியவர் இசைவின்றி ஏட்டை எடுத்துவருதல் வேண்டா. இருப்பதை அறிவதே முதற்படி. அப்பட்டியல் பல்கலைக்கழக நூலகத்தின் கைக்குச் சேருமாயின், எதனை முதலிற் காப்பது என்று முடிவுசெய்ய நூலகர்க்கு வழி பிறக்கும்.

இணையமும் கணினியும் இல்லாத 1966-இல் இதே நாட்டில் இருந்துகொண்டு ஒருவர் உலகத் தமிழாய்வு நூல்களுக்குப் பட்டியல் கண்டார். நாம் நம் ஊர்ப் பெட்டிகளுக்கு ஒரு பட்டியல் காண இயலாதா? இன்று வீடு திரும்பியதும் பாட்டனார் பெட்டியைத் திறந்து பார்ப்போம். முதற்பதிவு அங்கிருந்தே தொடங்கட்டும்.