கச்சானும் வாடையும்: இறக்கக்கண்டியில் ஓர் ஆண்டு



திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே போனால், நிலாவெளியைத் தாண்டியதும் வருவது இறக்கக்கண்டி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நீருக்கு மேலே 2009இல் திறக்கப்பட்ட, 300 மீற்றர் நீளமான பாலம். அதில் நின்று பார்ப்பவருக்கு ஊர் அழகாகத்தான் தெரியும். ஆனால் இந்தச் சின்ன ஊரை முழுதாக அனுபவிக்க ஒரு நாள் போதாது. இங்கே வாழ்க்கைக்கு நாள் குறிப்பது காற்று. தென்மேற்கிலிருந்து வரும் கச்சானையும் பார்க்கவேண்டும், வடகிழக்கிலிருந்து வரும் வாடையையும் பார்க்கவேண்டும்.

சித்திரை பிறக்கும்போது கிழக்குக் கடல் அடங்கிவிடும். அதன்பின் வீசுகிற கச்சான் நிலத்தைக் கடந்து வருவதால், வெக்கையைத் தருமே தவிர கரையோரக் கடலைப் பெரிதாகக் குழப்பாது. அதே மாதங்களில் மேற்குக் கரை கொந்தளிக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் பருவந்தோறும் கிழக்கே வந்து வாடி என்னும் தற்காலிகக் குடிசைகளை அமைப்பதற்குக் காரணம் இதுதான்.

கரைவலை இழுப்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் இந்தக் காலத்தில் வாருங்கள். வலையின் ஒரு பக்கத்துக் கயிற்றைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். அரைவட்டமாக வலையை இறக்கிக்கொண்டு, மறுபக்கத்துக் கயிற்றோடு தள்ளி ஓரிடத்தில் கரை சேரும். பிறகு இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று இழுப்பார்கள். வலை நெருங்க நெருங்க இரு வரிசைகளும் நெருங்கும். கடைசியில் மடி கரைக்கு வரும்போதுதான் அன்றைய உழைப்புக்குக் கிடைத்தது கீரியா, சூடையா, நெத்தலியா என்று தெரியும். கிடைத்தது பலருக்குப் பங்காகப் போகும். நாம் காற்று வாங்க வரும் மணல் அவர்களின் வேலைத்தலம். கயிற்றுக்கு வழிவிட்டு நிற்பது இந்தக் கரையில் முதல் மரியாதை.

அமைதியான கடல்தான் புறாமலைக்கும் வழி திறக்கிறது. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் இந்தத் தீவு, 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. மாடப்புறாக்கள் கூடுகட்டும் பாறைகள் மேலே; பவளப்பாறைகளும் கருமுனைச் சுறாக்களும் கீழே. பவளம் கல்லைப்போலத் தெரிந்தாலும் அது உயிர். ஆண்டுக் கணக்கில் வளர்ந்தது ஒரு மிதியில் உடைந்துபோகும். மிதந்தபடி பாருங்கள், கால் ஊன்றாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் காற்று திரும்பும். வாடை வந்ததும் அலை உயரும், நீரோட்டம் பலக்கும், படகுகள் கரையேறும். குளிக்கக் கடலில் இறங்குவது அப்போது ஆபத்து. உல்லாசப் பயணிகள் குறைந்துவிடுவார்கள். ஊரின் மறுபாதி திறப்பது இந்த நேரத்தில்தான். மழைநீர் களப்பில் சேரும். கடலில் பொரிக்கும் இறால் குஞ்சுகள் களப்புக்குள் வந்து, கண்டல் வேர்களின் மறைவில் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் கடலுக்கே போகின்றன. களப்பைத் தூர்த்தால், கண்டலை வெட்டினால், கடலில் போடும் வலையும் வெறுமையாகும். கடல் மறுக்கும் நாட்களில் களப்பு மீனும் நண்டும் வீட்டுக்கு வரும். வெயில் காலத்தில் காயவைத்த கருவாடும் அப்போதுதான் கைகொடுக்கும். மழை நாளில் சூடான பிட்டும் மீன் குழம்பும், முருங்கையிலை போட்ட நண்டுக்கறியும் சாப்பிட்டவரால் இந்த ஊரை மறக்க முடியாது.

போர் இந்தக் கரையை நீண்டகாலம் மூடி வைத்திருந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனது. அப்படியும் மக்கள் இதே கடலை நம்பி மறுபடி வலை பின்னினார்கள். அவர்கள் பெற்ற அமைதியைத்தான் நாம் வந்து அனுபவிக்கிறோம்.

ஆகவே நேயர்களே, ஒருமுறை கச்சான் காலத்தில் வாருங்கள், இன்னொருமுறை மழைக்காலத்தில் வாருங்கள். மீனைக் கரையிலேயே, உரிய விலை கொடுத்து வாங்குங்கள். கொண்டுவந்த பிளாஸ்டிக் போத்தலைத் திரும்பக் கொண்டுபோங்கள். எந்தக் காலத்தில் வந்தாலும், கடலில் இறங்குமுன் அந்தக் கரையில் வேலை செய்கிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இந்தக் கடலை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை.