ஊரும் உதைபந்தாட்டமும்



மாலை வேளையில் வன்னிப் பெருநிலத்தின் எந்த ஊருக்குச் சென்றாலும், வெட்டவெளியொன்றில் இளைஞர் பந்துதைத்து விளையாடும் காட்சியைக் காணலாம். சிலர் வெறுங்காலுடன் ஆடுவர். கோல் கம்பங்களுக்குப் பதிலாகத் தடிகளை நாட்டியிருப்பர். எனினும், அவர்களுள் ஓரிருவரின் ஆட்டத்தைக் கண்டு நாம் வியந்து நிற்பதுண்டு. அத்தகைய ஒருவன் நாட்டின் முதல்தரக் கழகமொன்றில் ஊதியம் பெற்று ஆடும் நிலைக்கு உயர்வதற்குத் திறமை மட்டும் போதுமா? அன்றி, அவன் பிறந்த ஊரும் அதனை முடிவு செய்கின்றதா? இவ்வினாவையே இன்று ஆராய விரும்புகின்றேன்.

சிற்றூரிற் பிறப்பதே ஒரு குறை என்று பலர் எண்ணுவர். ஆராய்ச்சி அவ்வாறு கூறவில்லை. கனடா நாட்டறிஞர் கோத்தே என்பவரும் அவர்தம் துணைவரும் 2006ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வட அமெரிக்காவில் பனிக்கட்டி ஹொக்கி, பேஸ்போல், கூடைப்பந்து, கோல்ப் ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்ட வீரர்களின் பிறப்பிடங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஐந்து இலட்சத்துக்குக் குறைந்த மக்கள் வாழும் ஊர்களே, தம் மக்கட்டொகைக்கு மிஞ்சிய அளவில் வீரரைத் தந்திருக்கக் கண்டார்கள். ஓடியாட இடமும், அச்சமின்றி விளையாடச் சூழலும் சிற்றூரில் உண்டு என்பது அதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. இவை வன்னியிலும் உண்டு. ஆனால், அந்நாடுகளில் பள்ளி, கல்லூரிப் போட்டிகள் வாயிலாக, தெரிவு செய்பவரின் கண் சிற்றூர்களையும் எட்டுகின்றது. நம் நாட்டிலோ ஆட்டக்காரனே அந்தக் கண்ணைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கின்றது.

2021ஆம் ஆண்டிலே இலங்கையில் சுப்பர் லீக் போட்டி தொடங்கியபோது, பத்துக் கழகங்கள் அதில் இடம்பெற்றன. அவற்றுள் வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒன்றேனும் இல்லை. கொழும்பு, களுத்துறை, பேருவளை, வென்னப்புவ, மலைநாடு ஆகிய இடங்களின் கழகங்கள் இருந்தன. தரைப்படை, கடற்படை, வான்படை ஆகிய மூன்றின் அணிகளும் இருந்தன. இந்நாட்டிலே பந்தாட்டத்தோடு நிலையான மாதச் சம்பளமும் தருவன பெரும்பாலும் படை அணிகளே. நீண்ட போரின் நினைவு ஆறாத குடும்பங்களிலிருந்து வரும் வன்னி இளைஞன் ஒருவனுக்கு அவ்வழி எளிதில் திறப்பதன்று. ஆகவே, அவனுக்கு எஞ்சியிருப்பது தொலைவிலுள்ள நகரக் கழகமே.

அத்தொலைவு எத்தகையது? கொழும்பிலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 330 கிலோமீற்றர். முல்லைத்தீவுக்குச் செல்வதானால், மாங்குளத்தில் திரும்பி மேலும் ஐம்பது கிலோமீற்றர் செல்ல வேண்டும். தெரிவுப் போட்டியொன்றிற்குச் செல்லும் சிறுவன் இரவு முழுவதும் பேருந்தில் உறங்காதிருந்து, காலையில் களைத்த கால்களோடு களத்தில் இறங்குகின்றான். அருகில் வாழும் சிறுவனோ வீட்டிலே உறங்கியெழுந்து வருகின்றான். பார்ப்பவர் கண்ணுக்கு இருவரும் சமமாகத் தோன்றுவாரோ? தெரிவு செய்யப்பட்டால், தங்க இடம் வேண்டும், படிப்பு இடையில் நிற்கும், மொழியும் புதிது. கூலிக்கு உழைக்கும் தந்தை என்ன விடை கூறுவார்?

இத்தொலைவைப் போர் மேலும் நீட்டியது. 1990இல் வடபாதையில் நின்றுபோன புகையிரதம் 2013இலேதான் கிளிநொச்சிக்கு மீண்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் 2008, 2009ஆம் ஆண்டுகளில் இடம்பெயர்ந்தபோது, வீடுகளோடு மைதானங்களும் வெறிச்சோடின. பயிற்றுநரும் மாணவரும் சிதறினர்.

எனினும், தொலைவை வென்றவரும் உளர். மன்னாரைச் சேர்ந்த டக்சன் பியூஸ்லஸ் தேசிய அணியில் ஆடினார். மாலைதீவின் வலென்சியா கழகத்திலும் இடம்பெற்றார். 2022இல் அவர் இளவயதிலேயே மறைந்தமை பேரிழப்பாகும். ஆனால், ஒருவர் வென்றதைக் காட்டி வழி திறந்திருக்கின்றது என்று கூறுதல் பொருந்தாது.

வழியைத் திறப்பது எவ்வாறு? இந்தியாவின் வடகிழக்கு மூலையிலுள்ள மிசோரம் அதற்கொரு சான்று. அங்கு பிறந்த ஜெஜெ லால்பெக்லுவா தொழில்முறை ஆட்டத்தைத் தேடிப் புனே நகர் வரை செல்ல நேர்ந்தது. ஆனால், 2012இல் மிசோரம் தனக்கென ஒரு லீக் போட்டியைத் தொடங்கியது. உள்ளூர்த் தொலைக்காட்சி அதனை ஒளிபரப்பியது. ஐந்தே ஆண்டுகளில், 2017இல், அம்மாநிலத்தின் ஐசோல் கழகம் இந்தியப் பெருங்கழகங்களை வென்று ஐ லீக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. தெரிவு செய்பவர் பின்னர் தாமாகவே மலையேறி வந்தனர்.

வன்னிக்கும் இது எட்டாததன்று. 2018இல் நடந்த வடகிழக்கு பிரிமியர் லீக்கில் கிளியூர் கிங்ஸ், முல்லை பீனிக்ஸ் முதலிய பெயர்களோடு அணிகள் களமிறங்கியபோது மக்கள் திரண்டு வந்து பார்த்தனர். ஆர்வம் இருக்கின்றது, கிளிநொச்சியில் விளையாட்டரங்கும் எழுந்திருக்கின்றது. வேண்டுவது, ஆண்டுதோறும் தவறாது நடைபெறும் போட்டியும், தெரிவுப் போட்டியை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ நடத்தும் ஒழுங்குமே. நூறு சிறுவரைக் கொழும்புக்கு ஏற்றிச் செல்லும் செலவைவிட, மூன்று தெரிவாளரை வன்னிக்கு அழைத்து வரும் செலவு மிகக் குறைவு.

குடத்துள் இட்ட விளக்கு ஒளியற்றதன்று. குடத்துக்கு வெளியே அவ்வொளி தெரிவதில்லை, அவ்வளவே. அதனை எடுத்துக் குன்றின்மேல் வைப்பது நம் கடமை.