கூடிக் கற்போம்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

கற்றறிந்த சான்றோர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில் யாம் பேச எழுந்தது துணிவினால் அன்று. செயலாளர் அவர்களின் அன்புக் கட்டளையினால். பள்ளியிறுதித் தேர்வோடு எமது படிப்பு நின்றது. ரயில்வேயில் எழுத்தர் வேலை. கூட்டல் கழித்தலுக்கு மேல் கணிதம் பயின்றோமில்லை. அத்தகைய எமக்குக் கணிதம், அறிவியல் பற்றிப் பேச என்ன உரிமை என்று கேட்பீர்களாயின், எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லியே விடையளிக்க வேண்டும்.

எமது மகள் எட்டாம் வகுப்பில் பயில்கிறாள். ஓர் இரவு அவள், “அப்பா, குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் எப்படி வரும்?” என்று கேட்டாள். யாம் வேலை முடிந்து களைத்து வந்திருந்த நேரம். “புத்தகத்தில் உள்ளபடி எழுது, வீண் கேள்வி கேளாதே” என்று கடிந்துகொண்டோம். உண்மை யாதெனில், எமக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்ல நாணினோம். அந்த நாணத்தையே சினமாக்கிக் குழந்தைமேல் இறக்கினோம். அன்று முதல் அவள் எம்மிடம் ஒரு கணக்கும் கேட்டதில்லை. அரையாண்டுத் தேர்வில் நூற்றுக்கு இருபத்தெட்டு மதிப்பெண் பெற்று வந்தாள். “தெரியாததை ஏனம்மா கேட்கவில்லை?” என்றோம். “கேட்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அப்பா” என்றாள். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறன்று அவளையும் அழைத்துக்கொண்டு லேக் மார்க்கெட்டுக்குச் சென்றோம். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாழையிலையும் வாங்கும் கடையில் எமக்குப் பற்று உண்டு. தமிழில் பேரம் பேசப் பழகிவிட்ட வங்காளிக் கடைக்காரர், ஐம்பது ரூபாய்ப் பற்று மூன்றினைத் தவறுதலாக இருமுறை எழுதியிருப்பதைக் கண்டு, அவற்றைக் கோடிட்டு அடித்தார். “பாபு, உங்களுக்கு நூற்றைம்பது ரூபாய் லாபம்” என்று சிரித்தார். எம் மகள் நின்றவள் நின்றபடியே, “அப்பா! கடன் என்பது குறை. அதை நீக்குவதும் குறை. மூன்று கடனை நீக்கினால் நூற்றைம்பது கூடுகிறதே!” என்றாள். பல திங்கள் கழித்து அவள் முகத்தில் ஒளி கண்டோம்.

அன்பர்களே! குழந்தைக்கு அறிவு குறைவில்லை. வாய்விட்டுக் கேட்க இடமில்லை, அஃதே குறை. இதனை எண்ணியபொழுதுதான், நம் இனத்துப் பேரறிஞர் சிலரின் வரலாறு எமக்குப் புதிய பொருள் தந்தது.

கணித மேதை இராமானுசனை நாம் அறிவோம். கல்லூரித் தேர்வில் தவறியவர். 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராய் அமர்ந்தவர். அவர் தனியே வளர்ந்தார் என்று கருதுவோர் பலர். அவருக்கும் ஒரு கூட்டம் இருந்தது. 1907இல் வி. இராமசாமி ஐயர் என்னும் டெபுடி கலெக்டர், கணிதப் பற்றுடையோரை ஒன்றுசேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். அதுவே இந்தியக் கணிதக் கழகமாயிற்று. அதன் இதழில் உறுப்பினர் கணக்குகளை விடுப்பர். பிறர் விடை எழுதுவர். 1911இல் இராமானுசன் விடுத்த கணக்கொன்று புகழ்பெற்றது. மூன்று என்பது ஒன்பதின் வர்க்கமூலம். ஒன்பது என்பது ஒன்றுடன் இருநான்கு கூட்டியது. அந்த நான்கு பதினாறின் மூலம். பதினாறு என்பது ஒன்றுடன் மூவைந்து கூட்டியது. அந்த ஐந்து இருபத்தைந்தின் மூலம். இருபத்தைந்து என்பது ஒன்றுடன் நாலாறு கூட்டியது. இவ்வாறு மூலத்துள் மூலமாக முடிவின்றிச் செல்லும் கோவையைக் காட்டி, அதன் மதிப்பு யாது என்று வினவினார். இதழ்கள் சில வெளிவந்த பின்னும் எவரும் விடை அனுப்பவில்லை. அவரே மூன்று என்று விடையளித்தார். துறைமுக அலுவலகத்திலோ, அவருக்கு மேலதிகாரியான நாராயண ஐயர், மாலை வேளைகளில் அவருடன் சிலேட்டும் கையுமாக அமர்ந்து கணக்கிட்டார். மேலதிகாரியும் எழுத்தரும் ஒரு கணக்கின் முன் நிகராக அமர்ந்த அக்காட்சி, எழுத்தராகிய எமக்கு எத்துணை இனிது!

இனி நம் கல்கத்தாவுக்கு வருவோம். திருவானைக்காவில் பிறந்த சர் சி. வி. ராமன் அவர்கள், 1907இல் நிதித்துறை அதிகாரியாகப் பதினெட்டு வயதில் இந்நகர் வந்தார். டிராமில் செல்கையில் பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப் பலகை அவர் கண்ணிற் பட்டது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பலகை அது. அங்கே அவரை வரவேற்றவருள் ஒருவர் ஆசுதோஷ் தே. பல்கலைக்கழகப் படிப்பில்லாத அப்பெரியாரைத் துணையாகக் கொண்டு, அலுவலகத்திற்கு முன்னே காலையிலும் பின்னே மாலையிலும் ராமன் ஆய்ந்தார். தம் கட்டுரைகள் சிலவற்றில் அவர் பெயரையும் ஆசிரியராகச் சேர்த்தார். 1917இல் அரசுப் பதவியைத் துறந்து, குறைந்த ஊதியத்திற்குப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28ஆம் நாள் அக்கழகத்தில் கண்டறிந்த ஒளிச்சிதறல் உண்மைக்காக, 1930இல் நோபல் பரிசு பெற்றார். அக்கழகம் இன்று நமக்குத் தெற்கே யாதவபூரில் இயங்குகிறது.

அந்த ஆய்வில் தோள் கொடுத்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அவர்கள். அவர் கல்கத்தா வருமுன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் செய்முறை விளக்குநராக இருந்தார். நண்பகல் உணவு வேளையில் மாணவரோடு அமர்வார். கணிதமாயினும் இயற்பியலாயினும் வேதியியலாயினும் எவரும் எதையும் கேட்கலாம். பிற கல்லூரி மாணவரும் அங்கே தேடி வந்தனராம். கட்டணமும் இல்லை, தேர்வும் இல்லை!

இவற்றையெல்லாம் எண்ணி, சென்ற ஆடித் திங்கள் முதல் எம் வீட்டுத் தாழ்வாரத்தில் நான்கு குடும்பத்துப் பிள்ளைகளைச் சனிக்கிழமை மாலைகளில் கூட்டி வருகிறோம். ஆசிரியர் எவரும் இலர். ஒரு நாள் சிறுவன் ஒருவன், “பெருக்கினால் பெருக வேண்டுமே, பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கினால் ஏன் சிறுக்கிறது?” என்றான். யாவரும் விழித்தோம். மூலையில் பூத்தொடுத்துக் கொண்டிருந்த பாட்டியார் ஒருவர், “அரைக்கால் என்றால் என்னடா? காலில் அரை. அரையையும் காலையும் சேர்த்துச் சொன்னால் எட்டில் ஒன்றுதானே வருகிறது?” என்றார். பெருக்கல் வாய்பாடு நம் சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது! ஆங்கிலத்திலும் வங்காளியிலும் பயிலும் நம் பிள்ளைகள், அன்று தமிழில் கணக்குக் கற்றனர்.

“சங்கம் இயல், இசை, நாடகத்திற்கு உரியது, கணக்குக்கு டியூஷன் உண்டே” என்று அன்பர் சிலர் எம்மிடம் கூறினர். அவர்கள் கருத்தை மதிக்கிறோம். ஆயினும், தேர்வுத்தாளில் வரும் கேள்விக்கு அங்கே விடை கிடைக்கும். பிள்ளையின் நெஞ்சில் வரும் கேள்விக்கு யார் செவி கொடுப்பது? எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நமது. ஒரு கண்ணுக்கு மட்டும் விழா எடுப்பது முறையாகுமோ? இந்நகரத்துப் பேரறிஞர் சத்தியேந்திரநாத் போஸ் அவர்கள், வங்க மொழியில் அறிவியலைப் பரப்ப 1948இல் ஒரு மன்றம் அமைத்தார். அவர்கள் தம் மொழிக்குச் செய்ததில் ஒரு சிறு பகுதியை நாம் நம் மொழிக்குச் செய்யலாகாதா?

ஆகவே செயற்குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் சங்க அறையைத் தாருங்கள். ஒரு கரும்பலகையும் வேண்டும். விதிகள் மூன்றே. எக்கேள்விக்கும் எவரும் நகைத்தல் ஆகாது. தெரியாதவர், தெரியாது என்று சொல்ல வேண்டும், பெரியவர்க்கும் விலக்கில்லை. விடை கிடைக்காத கேள்வியை அழிக்காமல், கிடைக்கும் வரை பலகையிலேயே வைத்திருக்க வேண்டும். நம்மிடையே பொறியாளர் உளர், மருத்துவர் உளர், வங்கியில் பணிபுரிவோர் உளர். திங்களுக்கு ஒரு மாலை அவர்கள் வந்தமர்ந்தால் போதும்.

எம் மகள் இன்னும் கணக்கில் முதல் மாணவி ஆகிவிடவில்லை. சென்ற தேர்வில் பெற்றது நாற்பத்தாறு. ஆயினும் இன்று இவ்விழாவுக்குப் புறப்படுகையில், “பூச்சியத்தால் ஏன் வகுக்கக் கூடாது, அப்பா?” என்று கேட்டாள். “தெரியாதம்மா, சனிக்கிழமை பார்ப்போம்” என்றோம். இம்முறை அப்படிச் சொல்ல எமக்கு நாணமில்லை. அக்கேள்வியை எழுதும் முதற்பலகை நம் சங்கத்தின் பலகையாக இருக்க வேண்டும் என்பதே எமது அவா.