பொழுது சாயுமுன்

பாரதப் போரின் பதின்மூன்றாம் நாள் மாலை. மகன் அபிமன்னுவைப் பறிகொடுத்த அருச்சுனன், மறுநாட் பொழுது சாயுமுன் சயத்திரதனைக் கொல்வதாகவும், தவறின் தீப்பாய்ந்து மாய்வதாகவும் வஞ்சினம் கூறுகின்றான். அந்நொடி முதல் போரே வேறொன்றாகி விடுகின்றது. படைகளின் வலி மாறவில்லை, காலத்துக்கு ஓர் எல்லை வகுக்கப்பட்டது, அவ்வளவே. மட்டக்களப்புக் கூத்துக் களரிகளிலே பாரதக் கதைகளை விடியுமட்டும் விழித்திருந்து கண்ட நம் முன்னோர், இத்தகைய எல்லையின் ஆற்றலை நன்கு அறிந்தவர்கள்.

இவ்வாற்றலை இக்கால விளையாட்டொன்றும் பயன்படுத்துகின்றது. மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாம் செய்யக் கருதுவதைச் சொல்வர். ஐயமான இடத்திலே தாயக்கட்டை முடிவு கூறும். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடியாகும்.

இவ்வாட்டத்துக்கு ஒரு நோய் உண்டு. காலம் வரம்பின்றிக் கிடக்குமாயின், ஆடுவோர் ஒரு கதவைத் திறப்பதா வேண்டாவா என்று முக்கால் மணி நேரம் வாதிடுவர். கதை நின்றுவிடும். இதற்கு மருந்தை விதிகளே வைத்துள்ளன. 1981இல் வெளிவந்த அடிப்படை விதிநூலின்படி, நிலவறையிலே பத்து நிமிடம் ஒரு சுற்று. ஒரு தீப்பந்தம் ஆறு சுற்றுக்களே எரியும். இரண்டு சுற்றுக்களுக்கு ஒருமுறை கட்டை உருட்டப்படும். ஒன்று விழுந்தால் பகை எதிர்ப்படும். ஆகவே, தாமதமும் ஒரு செலவாகி விடுகின்றது.

கிருலப்பனையிலே, மழை பெய்யும் ஒரு மாலை வேளையில், ஐந்து இளைஞர் இவ்வாறு ஆடுவதாக எண்ணிக் கொள்வோம். அவர்கள் கதையிலும் மழைதான். கால்வாய் நீர் ஏறுகின்றது. அக்கரைக் குடிசையிலே ஒரு மூதாட்டி தனித்திருக்கின்றாள். கதை நடத்துபவர் ஒரு தாளிலே வட்டம் வரைந்து ஆறு கூறாக்குகின்றார். வீணாகும் ஒவ்வொரு பொழுதுக்கும் ஒரு கூறு கறுப்பாகும். ஆறும் கறுத்தால் பாலம் மூழ்கும். 2017இல் வந்த ‘பிளேட்ஸ் இன் த டார்க்’ முதலிய ஆட்டங்களில் இவ்வட்ட முறை பெரிதும் கையாளப்படுகின்றது. இனி, படகு தேடுவதா, பாலத்தில் ஓடுவதா என்னும் வினா வெறும் வாதமன்று. ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்று கைநழுவும்.

இங்கே இரண்டு தவறுகள் நேர்வதுண்டு. ஒன்று, பொய்யான எல்லை. வட்டம் நிறைந்த பின்னும் பாலம் மூழ்காதிருப்பின், அடுத்த முறை எவரும் அதனை மதியார். இறுதி நொடியிலே இரக்கங் காட்டுவதிலும், தொடக்கத்திலேயே ஒரு கூறு மிகுதியாக அளிப்பது நன்று.

மற்றது இதனினும் பெரிது: கதை மாந்தரை விரைவுபடுத்துவதாக எண்ணி, மேசையிலிருக்கும் மாந்தரை விரட்டுதல். மணற்கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்து, ‘சொல், சொல்’ என்று நெருக்கினால், வாய்வல்லார் இருவர் பேசுவர். கூச்சமுள்ள ஒருவன் வாய்மூடி இருந்துவிடுவான். சிறந்த வழி அவன் உள்ளத்திலே இருந்திருக்கவும் கூடும். ஹைலெவல் வீதியிலே இறுதி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு நேர வரம்பு உண்டு என்பது மெய்யே. அதற்குக் கதையைச் சுருக்கலாம். ஒருவனுடைய முறையைச் சுருக்குதல் ஆகாது.

அருச்சுனனின் கதையே இதற்கும் வழி காட்டுகின்றது. அந்த நெருக்கடியான நாளின் நடுவே குதிரைகள் களைத்துவிட்டன. ஞாயிறோ மேற்கே சாய்கின்றது. எனினும், அருச்சுனன் போர்க்களத்திலேயே அம்பால் நிலத்தைப் பிளந்து நீர்நிலை உண்டாக்க, கண்ணன் குதிரைகளை அவிழ்த்து நீரூட்டி இளைப்பாற்றுகின்றான். அதன் பின்னரே தேர் முன்னிலும் விரைந்து சென்றது. மேற்கூறிய 1981ஆம் ஆண்டு விதிநூலும், ஆறு சுற்றுக்களில் ஒன்றை இளைப்பாறுதற்கென்றே ஒதுக்குகின்றது.

எல்லை வகுப்பவர் அதனை முன்னரே வெளிப்படக் கூறுக, கூறியபடி நடத்துக, இடையிலே குதிரைகளுக்கு நீர் காட்ட மறவாதிருக்க. மேசையாட்டத்துக்குச் சொன்ன இவ்விதி, பரீட்சை நாளை எண்ணிப் பிள்ளைகளை விரட்டும் இல்லங்களுக்கும் பொருந்துமெனின், அது வியப்பன்று.