ஏப்ரல் முதல் நாள்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு தேதியாகும். ஏப்ரல் முதல் நாள் என்ன நாள் என்று நம் காலனிக் குழந்தைகளைக் கேட்டால், 'முட்டாள்கள் தினம்' என்று ஒரே குரலில் விடை கூறுவார்கள். உருளைக்கிழங்கை வெட்டி அச்சாக்கி, மையில் தோய்த்து, அடுத்தவன் சட்டை முதுகில் குத்திய குறும்பைப் பெரியவர்களும் மறந்திருக்கமாட்டார்கள். இவ்வழக்கம் எங்ஙனம் தோன்றிற்று என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1564-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னன் ஒன்பதாம் சார்லசு, புத்தாண்டைச் சனவரி முதல் நாளுக்கு உரியதாக்கினான் என்றும், பழைய வழக்கத்தை விடாதவர்களைப் பிறர் எள்ளி நகையாடியதே இதன் தொடக்கம் என்றும் ஒரு சாரார் கூறுவர்.

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் இலண்டன் பி.பி.சி. தொலைக்காட்சி ஒரு வேடிக்கை செய்தது. சுவிட்சர்லாந்து நாட்டில் மரங்களில் சேமியா போன்ற 'சுபெகட்டி' காய்த்துத் தொங்குவதாகவும், அதனைப் பெண்கள் பறித்து உலர்த்துவதாகவும் படம் பிடித்துக் காட்டிற்று. அதனை மெய்யென நம்பி, அம்மரத்தை வளர்ப்பது எவ்வாறு என்று கேட்டவர்களும் உண்டு. அதே நாளில் நம் நாட்டில் வேடிக்கையல்லாத வேறொன்று நடந்தது. பதினாறு அணா, 192 பை என்றிருந்த ரூபாய், அன்று முதல் நூறு நயா பைசா ஆயிற்று. ஒரே நாளில் ஓர் ஊரார் சிரித்தனர். மற்றோர் ஊரார் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தனர்!

அலுவலகங்களில் பணிபுரிவோர்க்கு இந்நாள் நன்கு அறிமுகமானது. 1867-ஆம் ஆண்டு முதல் நம் அரசின் நிதியாண்டு ஏப்ரல் முதல் நாளில் தொடங்கி மார்ச்சு 31-இல் முடிகிறது. ரிசர்வு வங்கி தன் பணியைத் தொடங்கியது 1935 ஏப்ரல் முதல் நாளில்தான். நம் இரேணிகுண்டா வழியாகச் சென்னையிலிருந்து வடமேற்கே வண்டிகளை இயக்கிய மதராசு-தென் மராட்டா இரயில்வேயும், தென்னிந்திய இரயில்வேயும் கம்பெனிகளின் கையிலிருந்து அரசின் நேரடி நிருவாகத்திற்கு வந்தது 1944 ஏப்ரல் முதல் நாளில். ஆகவே இரயில்வே ஊழியர்க்கு அது சிரிப்பதற்கு மட்டும் உரிய நாளன்று.

வடக்கே ஒடிசா மக்களுக்கோ அது பெருவிழா நாள். 1936 ஏப்ரல் முதல் நாளில், மொழியை அடிப்படையாகக் கொண்டு ஒரிசா தனி மாகாணமாயிற்று. நம் பழைய சென்னை மாகாணத்திலிருந்த கஞ்சம் பகுதியும் அன்று அதனுடன் சேர்ந்தது. இன்றும் அவர்கள் அதனை 'உத்கல திவசம்' என்று கொண்டாடுகிறார்கள். அங்கே பெருகாம்பூர் முதலிய ஊர்களில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல இன்றும் வாழ்கின்றன. கோட்டை எங்கே கிழித்தாலும் அதன் அப்புறத்தில் சிலர் நின்றுவிடுகிறார்கள் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி நம் வாயிற்படிக்கு வருவோம். சித்தூர் மாவட்டம் பிறந்ததும் 1911 ஏப்ரல் முதல் நாளில்தான். வட ஆர்க்காடு மாவட்டத்தின் ஒரு பகுதியையும் கடப்பை மாவட்டத்தின் ஒரு பகுதியையும் சேர்த்து அதனை அமைத்தார்கள். அதுவரை சித்தூரே வட ஆர்க்காட்டின் தலைநகராய் விளங்கிற்று. 1953 அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலம் தனியே பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சென்றது. ம. பொ. சிவஞானம் அவர்களும், மங்கலங்கிழார் அவர்களும், அவர்களுடன் நின்ற பலரும் வட எல்லைக்காகப் போராடினர். பின்னர் படாசுகர் அவர்கள் நடுவராக இருந்து இருதரப்பையும் கேட்டார். 1959-ஆம் ஆண்டில் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறி, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. அதே நாளில் செங்கற்பட்டு மாவட்டத்துச் சத்தியவேடு பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது.

திருத்தணியில் மகிழ்ந்தவர்கள் உண்டு. மனம் வருந்திய தெலுங்கு மக்களும் உண்டு. சத்தியவேட்டிலும் அவ்வாறே. முதல் நாள் இரவு ஒரு மாநிலத்தில் உறங்கியவர்கள் மறுநாள் காலையில் வேறொரு மாநிலத்தில் விழித்தனர். நாடெங்கும் விளையாட்டாகப் பொய் சொல்லும் நாளில் அவர்களுக்கு நேர்ந்தது மெய்யாகவே இருந்தது. ஆயினும் அடுப்படியில் தாய் பேசிய மொழி அன்று காலையில் மாறவில்லை.

பின்னர் 2022 ஏப்ரல் 4-ஆம் நாளில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. சித்தூர் மாவட்டத்திற்கு 111 ஆண்டுகள் நிறைந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன. மாவட்டப் பெயர்கள் மாறும். பெயர்ப் பலகைகளும் மாறும். ஆனால் மார்கழி விடியலில் திருமலையில் சுப்ரபாதத்திற்கு மாறாக ஒலிப்பது ஆண்டாளின் திருப்பாவையே. தமிழ்நாட்டுத் திருவையாற்றிலே தியாகராசர் பாடியது தெலுங்கிலே. எல்லைக்கோடு இவ்விரண்டையும் தடுக்கவில்லை.

அன்பர்களே! எல்லை எங்கே இருக்கவேண்டும் என்று வழக்காடுவது இன்று நம் நோக்கமன்று. நமக்கு உணவும் உத்தியோகமும் அளித்து, நல்ல அயலாராக நம்மை ஏற்றுக்கொண்ட தெலுங்கு மக்களிடம் நமக்கு நன்றியன்றி வேறில்லை. நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. நம் குழந்தைகளில் பலர் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். தமிழ் எழுத்தைக் கண்டால் தயங்குகிறார்கள். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் இந்தியும் கற்கிறார்கள், அது நன்றே. தெலுங்கைப் பிழையறக் கற்பது இம்மண்ணுக்கு நாம் செலுத்தும் மரியாதை. ஆனால் தாய்மொழி காதளவில் நின்று கண்ணுக்கு எட்டாமற் போனால், அடுத்த தலைமுறையில் அது காதுக்கும் எட்டாது. சட்டமோ நடுவரோ செய்யாத எல்லை மாற்றத்தை நாமே நம் வீட்டிற்குள் செய்தவர்களாவோம்.

ஆகையால் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஏப்ரல் முதல் நாள் புதுக்கணக்கு நாளன்றோ? அன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு கணக்கு எடுப்போம். ஒரு தமிழ்த் திருமண அழைப்பிதழை எடுத்து, பிறர் துணையின்றி உரக்கப் படிக்கக்கூடிய குழந்தைகள் வீட்டில் எத்தனை பேர்? அந்த எண்ணைச் சங்கத்தின் ஏட்டில் பதிவோம். சனிக்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் எழுத்து வகுப்பு நடத்துவோம். நன்கு படிக்கத் தெரிந்த தாய்மார்கள் முறைவைத்துக் கற்பிக்கலாம். பலகையும் சுண்ணக்கட்டியும் தவிர வேறு செலவில்லை. மறு ஆண்டு அதே நாளில் மீண்டும் எண்ணுவோம். எண்ணிக்கை ஒன்றே கூடியிருந்தாலும் அது வரவுதான்.

குழந்தைகளே, அன்று நீங்கள் தாராளமாக விளையாடலாம். எங்களை ஏமாற்றவும் செய்யலாம். அழைப்பிதழைப் படித்துவிட்டு ஏமாற்றுங்கள் என்பதே நமது கோரிக்கை.